இருபத்தொரு தட்டு வரிசை

நன்றிக்காகச் செய்த சீரால் ஒருவருடைய தொழில் படுத்துப்போனது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பெண்ணாடத்தில் அந்தச் சீரைக் கொண்டுபோய் வைத்த அன்று நானும் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நடந்தேன். ஆகவே எனக்கு நம்ப வேண்டிய அவசியமே இல்லை, தெரியும்.

சாமிதுரை விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் என் ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டுக்காரர். அறுபத்தாறாம் வருஷம் ஒரே மாதத்தில்தான் இருவரும் தொழில் ஆரம்பித்தோம். நான் ஊறுகாய் ஜாடி செய்தேன். அவர் பீஸ் கட்டை செய்தார். கிணற்று மோட்டார் கொட்டகையில் பலகைமேல் மாட்டியிருக்குமே, உள்ளே மெல்லிசாக ஒரு கம்பி ஓடும் வெள்ளைப் பீங்கான் கட்டை, அது. கரண்டு அதிகமானால் கம்பி அறுந்து மோட்டாரைக் காப்பாற்றும். கட்டை விரிசல் விட்டிருந்தால் மோட்டாரும் போகும், சில சமயம் ஆளும் போவான்.

மண் மாவில் எண்ணெய் விட்டுப் பிசறி, இரும்பு அச்சில் கொட்டி, கை பிரஸ்ஸின் பிடியை இழுத்து அடித்தால் ஒரு கட்டை. அதைக் காயவைத்து, மெருகுத் தண்ணீரில் முக்கி, எல்லா ஷெட்டுக்காரர்களும் முறைபோட்டுச் சுடுகிற பொதுச் சூளையில் கொடுத்து வாங்க வேண்டும். சுட்டு வந்த ஒவ்வொரு கட்டையையும் சாமிதுரை காதருகே வைத்து நகத்தால் சுண்டுவார். சத்தம் கொஞ்சம் மொண்ணையாகக் கேட்டால் போதும், பின்பக்கத்துப் பள்ளத்தில் வீசிவிடுவார். நான் என்றால் அதைச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளியிருப்பேன். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "அதுல ஒருத்தன் கை வைப்பானே கிரி" என்பார். கிரி என்றால் நான்தான், விருத்தகிரி.

தேறிய கட்டைகளுக்குப் பித்தளைத் தகடு பூட்டுவது அவர் மனைவி அம்புஜவல்லி. திருகாணி திருப்பித் திருப்பி அந்த அம்மாளின் ஆட்காட்டி விரல் காய்த்துப்போயிருக்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. வாடகை வீடு. கட்டையின் அடியில் 'சா' என்று ஓர் எழுத்து பதியும்படி அச்சு வெட்டியிருந்தார் சாமிதுரை. அவர்கள் வீட்டில் பெயர் சொல்ல இருந்தது அந்த எழுத்து ஒன்றுதான்.

அந்த எழுத்தைப் பெண்ணாடம் பக்கமெல்லாம் கொண்டுபோனவர் சக்கரபாணி. மின்சார ஆபீஸ் ஆள் இல்லை. சொந்தமாக ஒயரிங் வேலை செய்கிறவர். அப்போது ஊர் ஊராகக் கம்பம் நட்டுக் கிணற்றுக்குக் கரண்டு கொடுத்துக்கொண்டிருந்த காலம். புதிதாக மோட்டார் வைக்கிற விவசாயிக்கு எதை வாங்குவது என்று தெரியாது, ஒயர்மேன் சொன்னதை வாங்குவான். சக்கரபாணி எந்தக் கடைக்காரனிடமும் கமிஷன் வாங்காதவர், கடைக்காரன் நீட்டுகிற வெற்றிலையைக்கூடத் தொடமாட்டார் என்று ஊருக்கே தெரியும். அதனால் அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அறுபத்தேழில் ஒருநாள் தானாக வந்து, சாமிதுரை கட்டைகளைச் சுண்டிப் பார்ப்பதை அரைநாள் உட்கார்ந்து பார்த்தார். பிறகு பஸ் ஏறிப் போனார். அடுத்த வாரத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "சக்கரபாணி அனுப்பிச்சாருங்க. சா கட்டை குடுங்க."

மூன்று வருஷத்தில் சாமிதுரையின் விற்பனையில் முக்கால்வாசி அந்த ஒரு மனிதரின் வாயால் வந்தது. சாமிதுரைக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. அவருக்கு எதுவும் செய்யவில்லையே என்று என்னிடம் புலம்புவார். எழுபதாம் வருஷம் தை மாதம் சக்கரபாணியின் மூத்த பெண் பெரியநாயகி பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்கு எங்கள் இருவருக்கும் பத்திரிகை வந்தது.

"என்னா செய்யலாம் கிரி?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டார்.

நான் பெரிய வியாபாரப் புலியாட்டம் சொன்னேன். "செஞ்சா ஊரே பேசுற மாதிரி செய்யணும். அந்தாளு ஆயுசுக்கும் உங்களைத்தான் சொல்லணும். மேளம் வெச்சி, இருபத்தொரு தட்டு வரிசையா தூக்கிப் போங்க."

கைக்காசு செலவில்லாமல் யோசனை சொல்வதில் எனக்கு அப்போதெல்லாம் ஒரு குஷி. தகடு பூட்டிக்கொண்டிருந்த அம்புஜவல்லி தலை நிமிர்ந்தார்.

"ஒரு பொடவை, ஒரு கொடம், அது போதுங்க. செய்முறைன்னா திருப்பிச் செய்ய அவங்களுக்கு ஒரு எடம் வேணாமா? நம்ம வூட்ல என்னா விசேஷம் வரப்போவுது?"

"திருப்பி வாங்கறதுக்கா செய்யறோம்?" என்றார் சாமிதுரை.

"நீங்க வாங்கறதுக்கு செய்யல. அவங்களுக்கு அது பாரமில்லியா?"

பிள்ளையில்லாத ஏக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தேன். மூன்று பேரில் விவரம் தெரிந்து பேசியது அந்த அம்மாள் மட்டும்தான் என்பது எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது. அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. இரண்டு நாள் கழித்துக் கழுத்திலிருந்த இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து கணவர் கையில் கொடுத்தார். பிறந்த வீட்டில் போட்டது அது ஒன்றுதான்.

பெண்ணாடம் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேளத்தோடு புறப்பட்டோம். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, பட்டுப்பாவாடை, டிரான்சிஸ்டர் ரேடியோ, பழம், பலகாரம் என்று இருபத்தொரு தட்டு. நடுத் தட்டில் சங்கிலி. பின்னால் மாட்டு வண்டியில் ஓர் இரும்புப் பீரோ. தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சாமிதுரை வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை போல நடந்தார். அன்றைக்கு இருந்த அளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சக்கரபாணி வீட்டு வாசலில் பெண்ணின் தாய்மாமன் கருப்பன் நின்றிருந்தான். கரும்பு வெட்டுகிற கூலி. புதுச் சட்டை போட்டு, கடன் பட்டோ என்னவோ ஐந்து தட்டு கொண்டுவந்திருந்தான். மாமன் சீர்தான் முதலில் உள்ளே போக வேண்டும். எங்கள் மேளத்தைக் கண்டதும் அவன் தன் ஆட்களோடு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டான். சக்கரபாணி ஓடிவந்து எங்களை நிறுத்தி, "மச்சான், நீ முன்ன போ" என்றார். கருப்பன் போனான், தட்டுகளை வைத்தான், அக்கா மகளை ஆசீர்வதித்தான், பந்தியில் உட்காராமல் புறப்பட்டுவிட்டான். சக்கரபாணி எங்களைக் கும்பிட்டு வரவேற்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கூச்சப்படுகிறார் என்றார் சாமிதுரை. ஆமாம் என்றேன் நான்.

நான் என் பங்குக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு வைத்தேன். அதையும் வைத்திருக்க வேண்டாமோ என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்த மாசியில் வந்த ஆட்கள் பாதிதான். சித்திரையில் அதிலும் பாதி. ஆடியில் பெண்ணாடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. சரக்கில் குறையோ என்று சாமிதுரை தேறிய கட்டைகளையெல்லாம் மறுபடி சுண்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பெண்ணாடம் போய்ச் சக்கரபாணியையே கேட்டார். "பாக்கலாங்க" என்று தரையைப் பார்த்தபடி சொன்ன சக்கரபாணி, கிளம்பும்போது கேட்டாராம், "உங்க வூட்டு விசேஷத்துக்கு எங்களை எப்பங்க கூப்புடப் போறீங்க?"

அதைச் சாமிதுரை என்னிடம் வந்து சொன்னார். "பத்தல கிரி. செஞ்சது பத்தல. இன்னும் எதிர்பாக்கறாரு."

தீபாவளிக்குப் பட்டு வேட்டி, புடவை, ஒரு கூடை இனிப்பு போயின. பொங்கலுக்கு ஒரு வெண்கலப் பானை. ஒவ்வொரு தடவையும் சக்கரபாணி வாங்கிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். ஒருமுறை அவரே விருத்தாசலம் வந்தபோது அம்புஜவல்லியின் முன்னால் கேட்டார், "காதுகுத்து, கிரகப்பிரவேசம், எதுனா ஒண்ணு வைங்கம்மா. நாங்க வந்து செய்யணும்." பிள்ளையில்லாதவளிடம் காதுகுத்தா என்று நான் பல்லைக் கடித்தேன். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபத்தில் போகவில்லை. சக்கரபாணி எதற்காகத் தவிக்கிறார் என்று அவருக்கு மட்டும் புரிந்திருந்தது. அன்று மாலை கணவரிடம் சொல்லியும் பார்த்திருக்கிறார். "ஒனக்கு வியாபாரம் தெரியாது" என்று பதில் வந்ததாம்.

எழுபத்திரண்டில் என் மகனுக்குக் காது குத்தினேன். சக்கரபாணி வந்தார், ஓர் எவர்சில்வர் சொம்பு வைத்தார். நான் வைத்த அதே அளவு, அதே தினுசு. கணக்கு நேராகிவிட்டது. சாப்பிட்டு முடித்து டீக்கடைக்குப் போனோம். அங்கேதான் மனம் திறந்தார்.

"சாமிதுரை அண்ணன் கட்டையில ஒரு கொறையும் இல்லீங்க. இன்னிக்கும் என் வூட்ல இருக்குது அதுதான். ஆனா நான் வாய தொறந்து சா கட்டைன்னா, எதுக்கால நிக்கறவன் சிரிக்கிறான். 'பீரோ பேசுதாய்யா'ங்கறான். இத்தினி வருசமா ஒருத்தன்கிட்ட கை நீட்டாதவன் நான். இப்ப என் பேச்சு பேச்சா இல்லாம போச்சு. என் மச்சான் ரெண்டு வருசமா வூட்டுப் பக்கம் வரல."

"திருப்பிக் குடுத்துட வேண்டியதுதானே?"

"சும்மா கொண்டாந்து குடுத்தா மூஞ்சில விட்டெறிஞ்ச மாதிரி ஆவுங்க. ஆசையா செஞ்ச மனுசன். ஒரு விசேஷம்னு கூப்பிட்டா, அதே இருபத்தொரு தட்ட அதே மாதிரி மேளம் வெச்சி எடுத்தாந்து எறக்கிடுவேன். அப்புறம் எவன் என்னா சொல்லுவான்? மறுநாளே பழையபடி சொல்ல ஆரம்பிச்சிடுவேன். ஷெட்டுல ஒரு பூஜைன்னு வெச்சிக் கூப்பிட்டாக்கூட போதுங்க. வாங்கினவன் நான் இதச் சொல்லக்கூடாது. நீங்க பக்கத்து ஷெட்டு. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சொல்லலாம் என்றுதான் போனேன். சாமிதுரை சூளைக்குப் போயிருந்தார். மறுநாள் என் ஜாடிகள் பாதி சூளையில் கோணிப்போயின. அந்தக் கவலையில் இருந்தேன். அதற்கடுத்த வாரம் ஜாடித் தொழிலே இனி ஆகாது என்று தோன்றிப்போய், பிரஸ் ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன். பீஸ் கட்டை செய்ய. இப்படி ஒவ்வொரு நாளைக்கும் ஒரு காரணம் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், பிரஸ்ஸுக்குச் சொல்லிவைத்த பிறகு காரணம்கூடத் தேவைப்படவில்லை.

என் கட்டை சுமார்தான். சுண்டிப் பார்க்கிற வழக்கமெல்லாம் என்னிடம் இல்லை. ஆனாலும் பெண்ணாடத்திலிருந்து ஆட்கள் என்னிடம் வந்தார்கள். சக்கரபாணியிடம் கேட்டால் 'விருத்தாசலத்துல ரெண்டாவது ஷெட்டு விருத்தகிரியக் கேளுங்க' என்பாராம். பக்கத்து ஷெட்டுக்காரன் நானும் சுண்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று நம்பியிருப்பார். அவருக்கும் எனக்கும் நடுவில் சொம்புக்குச் சொம்பு கழிந்திருந்தது, ஆகவே என் பெயரைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. அந்த மனிதருக்கு நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. டீக்கடையில் அன்று காசு கொடுத்ததுகூட அவர்தான்.

சாமிதுரை விடவில்லை. வேப்பூரில் ஓர் ஒயர்மேனைப் பிடித்தார், அவன் சைக்கிள் கேட்டான், வாங்கிக் கொடுத்தார். கம்மாபுரத்தில் இன்னொருவன், அவன் தங்கை கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்தார். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு, யார் இன்னும் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்கள் சரக்கைச் சொன்னார்கள். கொடுத்தால் சொல்கிறவன் வாயில் உண்மை இல்லை, உண்மை சொல்கிறவன் வாயைக் கொடுத்தே அடைத்தாயிற்று. இது என் கண்முன்னே நடந்தது. நான் ஊமையாக இருந்தேன்.

எழுபத்து நாலு கடைசியில் ஷெட்டைப் பூட்டினார். பிரஸ்ஸும் அச்சும் விலைக்கு வந்தன. நான்தான் வாங்கினேன், அதுவும் அடிமாட்டு விலைக்கு. "வெளியாள்கிட்ட போறதுக்கு ஒன்கிட்ட இருக்கட்டும் கிரி" என்று அவரே பெயர்த்தெடுக்கவும் உதவினார். அச்சில் இருந்த 'சா'வை நான் அரம் வைத்து ராவி எடுத்தேன். அந்த எழுத்து லேசில் போகவில்லை, ஒரு பகல் ஆனது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அம்புஜவல்லி மஞ்சள் காமாலையில் இறந்தார். எட்டு நாள் படுக்கை, அவ்வளவுதான். பதினாறாம் நாள் கருமாதிக்குச் சாமிதுரை தெரிந்தவர்களுக்கெல்லாம் கடுதாசி போட்டார். அவர் வீட்டில் நடந்த முதல் விசேஷம் அது. யாரும் அதை விசேஷம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பத்திரிகை அடித்து ஆட்களை அழைக்கிற காரியம் வேறெதுவும் அந்த வீட்டுக்கு வாய்க்கவில்லை.

காரியம் முடிந்து இலை போடுகிற நேரத்தில் தெருமுனையில் ஒரு கூட்டம் வந்தது. முன்னால் சக்கரபாணி, அவர் மனைவி தங்கம்மாள், பக்கத்தில் கருப்பன். பின்னால் பெண்ணாடத்து ஆட்கள், கையில் தட்டுகள். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ரேடியோ, பட்டு, பழம். பீரோ வண்டியில் வந்தது. இருபத்தொன்றோடு, தீபாவளி பொங்கலுக்குப் போனதற்கும் சேர்த்து இருபத்தாறு தட்டு. மேளம் மட்டும் இல்லை. சாவு வீட்டுத் தெருவில் அப்படி ஒரு வரிசையைப் பார்த்து ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

சக்கரபாணி கடைசித் தட்டைத் தானே எடுத்துவந்து அம்புஜவல்லியின் படத்துக்கு முன்னால் வைத்தார். மஞ்சள் துணியில் முடிந்த இரட்டைவடச் சங்கிலி. துணி அந்த அம்மாள் முடிந்து கொடுத்ததேதான்.

"எம் பொண்ணு கழுத்துல ஒரு நாளும் போடலீங்க. தாய் வீட்டு நகைன்னு பாத்தாலே தெரிஞ்சிது. என்னிக்காவது ஒங்க வூட்டுக்குத் திருப்பி எடுத்தாரணும்னு வெச்சிருந்தேன். இப்படி எடுத்தாருவேன்னு நெனக்கல."

சாமிதுரை சங்கிலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கொறைவா செஞ்சிட்டேன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார் மெதுவாக.

"அண்ணே, அதிகமா செஞ்சதுதாண்ணே. இவர்கிட்ட மூணு வருசத்துக்கு முன்னயே சொல்லி அனுப்பிச்சேனே." சக்கரபாணி கள்ளமில்லாமல் என்னைக் காட்டினார். "ஒரு பூஜை வெச்சிக் கூப்பிடச் சொல்லி. போவட்டும், இன்னியோட தீந்துது. நாளைலேர்ந்து நான் சா கட்டையத்தான் சொல்லுவேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

ஷெட் பூட்டியது அவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. சாமிதுரை ஒரு தடவை, ஒரே தடவை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து சக்கரபாணியின் கையைப் பிடித்து, "சாப்டுட்டுப் போங்க" என்று பந்திக்கு அழைத்துப் போனார். கருப்பனைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். நான் அன்று சாப்பிடவில்லை. சாப்பிடாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

கார்த்திகையில் சாமிதுரை என் ஷெட்டில் வந்து நின்றார். பிரஸ் அடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டார். வேறெங்காவது போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு அந்த பிரஸ்தான் பழக்கம். கூலி பேசினேன், ஒப்புக்கொண்டார். திட்டுவார், காறித் துப்புவார் என்று பல நாள் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பெண்ணாடத்து விவசாயி ஒருவர் வந்தார். என் கட்டை ஒன்றைக் கையில் எடுத்துக் கவிழ்த்து அடியைத் தேடினார். எழுத்து இல்லை. நான் மெருகுத் தொட்டி அருகே குனிந்துகொண்டேன். அவர் பிரஸ் பக்கம் போய்ச் சாமிதுரையிடமே கேட்டார்.

"சக்கரபாணி அனுப்பிச்சாருங்க. சா கட்டை செய்யறவரு எந்த ஷெட்டு?"

சாமிதுரை கையில் ஒட்டிய மாவைத் துணியில் துடைத்தார்.

"அவரு தொழில விட்டுட்டாருங்க." விவசாயியின் கையிலிருந்த கட்டையை வாங்கிக் காதருகே வைத்துச் சுண்டினார். அதைப் பின்பக்கத்துப் பள்ளத்தில் வீசினார். குவியலிலிருந்து வேறொன்றை எடுத்துச் சுண்டி, அதைக் கொடுத்தார். "இத எடுத்துட்டுப் போங்க. நம்பி மாட்டலாம்."

விவசாயி வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் அந்த ஊரிலிருந்து இன்னும் நாலு பேரை அனுப்பினார்.